சிலோன் எடுக்காத ரேடியோ

ஒருநாள் லோரிக்காரர் ஒருவர் எங்கள் தோட்டத்து லய வீடுகளின் முன்னால் வண்டியை நிறுத்தி, சுங்கை ஆயர் தாவாருக்கு எப்படிப் போவது என்று கேட்டார். என் மாமனார் வாசலில் உட்கார்ந்து யாருடைய இஸ்திரிப் பெட்டியையோ பிரித்துக்கொண்டிருந்தார். அந்த ஊருக்கு அவர் வாழ்நாளில் போனதில்லை. வடக்கே எங்கேயோ இருக்கிறது என்பதோடு சரி. ஆனாலும் எழுந்து போய் லோரிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "நேரா போங்க. பாலம் வரும். சோத்தாங்கை பக்கம் திரும்புனா ஒரே ரோடுதான்" என்றார்.

மதியத்துக்கு மேல் அதே லோரி செம்மண் தூசியோடு திரும்பி வந்தது. சத்தம் கேட்டதும் அவர் கொல்லைப்பக்கம் போய்க் கோழிக்கூண்டுக்குப் பின்னால் நின்றுகொண்டார். லோரிக்காரருக்குத் தண்ணீர் கொடுத்து, "அவரு வேலைக்குப் போயிட்டாரு" என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். கூண்டுக்கு மேலே நரைத்த தலை தெரிந்துகொண்டே இருந்தது. லோரிக்காரரும் அதைப் பார்த்தார். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

'தெரியாது' என்று சொல்ல அவருக்கு வராது. மற்றபடி நல்ல மனிதர். குடி கிடையாது, யாரையும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அவர் பெயரை நான் இன்றுவரை வாயால் சொன்னதில்லை. மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். இங்கேயும் மாமா என்றே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது ரவாங்கில். எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி, பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டியிருந்த அந்தத் தோட்டத்துக்கு வந்தேன். என் கணவர் தோட்டத்து லோரி ஓட்டினார். அத்தை, அதாவது என் மாமியார், எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். மாமாவுக்கு எஞ்சின் வீட்டில் வேலை. அரசாங்க மின்சாரம் எங்கள் பக்கம் வராத காலம் அது. சாயங்காலம் அவர் போய் எஞ்சினை முடுக்கினால்தான் லயத்தில் விளக்கு எரியும். அதனாலேயே கரண்ட், கம்பி, எஞ்சின் என்று எது வந்தாலும் ஜனங்கள் அவரிடம் கொண்டுவந்தார்கள். அவர் பொருளைக் கையில் வாங்கிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். பிறகு அதே வார்த்தைதான்.

"அது ஒண்ணும் இல்ல. பார்த்துடலாம் லா."

பாதிப் பொருள்கள் சரியாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். பிடிவாதத்தாலேயே சரி செய்துவிடுவார். மீதிப் பாதிக்கு ஏதாவது சமாதானம் இருக்கும். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியின் வீட்டுச் சுவர்க் கடிகாரம் அவர் கை பட்டபின் வேகமாக ஓட ஆரம்பித்தது. "மணி முன்னால ஓடுனா நல்லதுதானே கிராணி, வேலைக்கு லேட்டாகாது" என்றார். கிராணி சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்ததைத்தான் மாமா பல நாள் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைத் தீபாவளிக்கு எங்களோடு அவரும் ரவாங்குக்கு வந்தார். அங்கேதான் என் அப்பாவின் ரேடியோவைப் பார்த்தார்.

அப்பா இளவயதில் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் தோட்டவேலை செய்தவர். துரை ஊரைவிட்டுப் போகும்போது அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனது அந்த ரேடியோ. சின்ன சூட்கேஸ் மாதிரி இருக்கும். பச்சைத் துணி ஒட்டிய மரப்பெட்டி, மேலே தோல் கைப்பிடி. டிரான்சிஸ்டருக்கு முந்திய காலத்தது என்பதால் உள்ளே விரல் நீளத்துக்குக் கண்ணாடி வால்வுகள் இருந்தன. செங்கல் கனத்தில் ஒரு பெரிய பேட்டரி, கூடவே ஒரு சின்னது, இரண்டையும் போட்டால் எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். அந்த மாதிரிப் பேட்டரி கடைகளுக்கு வருவது நின்றதிலிருந்து ரேடியோ ஊமையாக அலமாரி மேல் உட்கார்ந்திருந்தது. அப்பா வெள்ளிக்கிழமைதோறும் சாமி படத்தைத் துடைக்கும்போது அதையும் துடைப்பார். அதில் சிலோன் வானொலி கேட்ட கதையைச் சொல்லாமல் எங்கள் வீட்டில் எந்த விருந்தாளியும் சாப்பிட்டு எழுந்ததில்லை.

"பேட்டரி இல்லன்னா என்ன சம்பந்தி. கரண்ட்டுலயே ஓட வச்சிடலாம். அதுக்கு ஒரு பெட்டி செஞ்சா போதும்" என்றார் மாமா.

"முடியுமா சம்பந்தி?"

"அது ஒண்ணும் இல்ல. பார்த்துடலாம்."

அப்பா ரேடியோவைத் தான் கட்டும் பழைய சாரம் ஒன்றில் சுற்றி, அவரே தூக்கிவந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அந்தப் பஸ் முக்கில் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மாமா உண்மையாகவே உழைத்தார். உடைந்த ரேடியோகிராம் ஒன்றிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, கரண்ட் பெட்டி ஒன்று செய்தார். அதிலிருந்து இரண்டு ஜோடி வயர் வெளியே வந்தது. பெரிய பேட்டரிக்குப் பதிலாகத் தொண்ணூறு வோல்ட் ஒரு ஜோடியில். சின்னதுக்குப் பதிலாக ஒன்றரை வோல்ட் இன்னொன்றில். எது எங்கே போக வேண்டும் என்று கோலா சிலாங்கூரில் ஒரு ரேடியோக் கடையில் கேட்டுவிட்டு வரலாம் என்று என் கணவர் சொன்னார். மாமா வயர் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

ஒரு சாயங்காலம், எஞ்சின் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், வயர்களைச் சொருகிப் பிளக்கைப் போட்டார். நான் தேநீரோடு பக்கத்தில் நின்றிருந்தேன். வால்வுகள் எல்லாம் ஒன்றாகப் பளிச்சென்று மின்னின. அவ்வளவுதான். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

"பார்த்தியாம்மா, உயிர் வந்திருச்சு" என்றார்.

அவர் பிளக்கைப் பிடுங்கினார், போட்டார், மறுபடியும் பிடுங்கினார். காதுமடல் சிவந்துபோயிருந்தது. ஒன்றரை வோல்ட் போக வேண்டிய இடத்தில் தொண்ணூறு போய்விட்டது, வால்வுக்குள் இருந்த மயிரிழைக் கம்பிகள் எரிந்துவிட்டன என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். ஆனால் எரிந்துவிட்டது என்பது அவர் முதுகைப் பார்த்தபோதே தெரிந்தது. தேநீரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அவர் அதைக் குடிக்கவில்லை.

அதற்கப்புறம் அப்பா எப்போது கேட்டாலும், "சாமான் வரணும் சம்பந்தி, சொல்லி வச்சிருக்கேன்" என்பதுதான் பதில். மகள் பிறந்து, அவளைப் பார்க்க அப்பாவும் அம்மாவும் தோட்டத்துக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியபோது, அப்பா இன்னொன்றும் சொல்லியிருந்தார். முடியாவிட்டால் பரவாயில்லை, ரேடியோவை அப்படியே வாங்கிக்கொண்டு போகிறேன், ரவாங்கில் ஒரு கடையில் காட்டிப் பார்க்கிறேன் என்று.

மாமாவிடம் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் இருந்தது. எஞ்சின் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அதுதான் அவருக்குத் துணை. அப்பா வருவதற்கு முன்தினம் அதைப் பிரித்து, அதன் உள்ளிருந்ததைச் சின்னப் பேட்டரிகளோடு அப்பாவின் பச்சைப் பெட்டிக்குள் வைத்துத் தைத்துவிட்டார். தைத்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு சுத்தமான வேலை. பழைய குமிழைத் திருகினால் முள் நகரும், பாட்டு வரும். எரிந்த வால்வுகளையும் பழைய தகட்டையும் ஒரு மைலோ டின்னில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினார். நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டு அதைப் பார்த்தேன். நான் பார்ப்பது அவருக்குத் தெரியும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அப்பா குமிழைத் திருகியதும் கோலாலம்பூர் தமிழ் நிகழ்ச்சி கணீரென்று கேட்டது. அப்பா மாமாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாமா குனிந்து பேத்தியின் போர்வையைச் சரி செய்தார்.

அடுத்த முறை அப்பா வந்தபோது, "எல்லாம் அருமையா எடுக்குது சம்பந்தி. சிலோன் மட்டும் எடுக்க மாட்டேங்குது" என்றார்.

எப்படி எடுக்கும்? அந்த டிரான்சிஸ்டரில் சிற்றலையே கிடையாது.

"சிலோன்ல இப்ப கலவரம் இல்லையா சம்பந்தி. ஸ்டேஷனே ஒழுங்கா ஓடல. அதான்."

"ஆமா, பாவம் சனங்க" என்றார் அப்பா. வீடுகள் எரிவதைப் பற்றிப் பேப்பரில் படித்ததையெல்லாம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று மாமா சோற்றைப் பிசைந்துவிட்டு, வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டார். ஒரு ஊரே எரிந்துகொண்டிருந்தது. அதை எடுத்துத் தன் பொய்க்கு முட்டுக்கொடுத்த கூச்சம் அவருக்கு இருந்தது என்றுதான் நம்புகிறேன். எனக்கு இருந்தது. அடுப்படியை விட்டு வெளியே வர முடியவில்லை.

ரவாங்கில் அப்பா பேசிய பேச்சு எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தன் வீட்டில் சிலோன் நன்றாகவே எடுக்கிறது என்று சொன்ன பழைய கூட்டாளி ஒருவரோடு சண்டையே போட்டிருக்கிறார். "எங்க சம்பந்தியவிட உனக்குத் தெரியுமா?" என்று கேட்டு, அந்த மனிதரோடு பேச்சை நிறுத்திவிட்டாராம்.

மகளுக்குக் காது குத்தும் விழாவைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் வைத்தோம். ரவாங்கிலிருந்து வேன் பிடித்துச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பந்திக்கு முன்னால் அப்பா எழுந்து, ஒரு சால்வையை விரித்துக்கொண்டு, "இந்த சபையில ஒரு மனுஷன நான் மதிக்கணும்" என்று ஆரம்பித்தார். துரை கொடுத்த ரேடியோ, கடைக்காரர்கள் கைவிட்டது, படிக்காத ஒருவர் அதற்கு உயிர் கொடுத்தது என்று நீளமாகப் பேசிவிட்டு, மாமாவை அழைத்துச் சால்வையைப் போர்த்தினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

மாமா சால்வையின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றார். வழக்கமாக இந்த இடத்தில் சிரித்துவிடுவார். அன்று சிரிக்கவில்லை.

"சம்பந்தி, அது உங்க ரேடியோ இல்ல. உங்க ரேடியோவ நான் எரிச்சுட்டேன். வயர மாத்திக் குடுத்துட்டேன். உள்ள இருக்கிறது என் டிரான்சிஸ்டர்."

கைதட்டல் ஓரத்தில் இன்னும் ஒன்றிரண்டு கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

"என்ன சொல்றீங்க?"

"சிலோன் எப்பவும் எடுக்காது. கலவரம்னு சொன்னது பொய்."

அப்பாவின் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. கூட்டத்தில் அந்தப் பழைய கூட்டாளியின் தம்பியும் இருந்தார். அப்பா ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உனக்கும் தெரியுமா?"

நான் குழந்தையின் காதைப் பார்த்தேன். புதுத் தோட்டின் ஓரத்தில் சிவப்பாக இருந்தது.

"இத எங்கிட்ட தனியாச் சொல்லியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன் சம்பந்தி. ரவாங் பூராவும் சொல்லிட்டு வந்தேனே. இப்ப எல்லார் முன்னாலயும் சொல்றீங்க" என்றார் அப்பா. குரல் உயரவில்லை. சாப்பிடாமலே வேனில் ஏறிவிட்டார். அம்மா ஏறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

என் கணவருக்கு மாமாமீது கோபம். "இவ்வளவு நாள் வாய மூடிக்கிட்டு இருந்தீங்க. தொறக்கிறதுக்கு இன்னிக்குத்தான் நாள் பார்த்தீங்களா?" என்று கேட்டார். மாமா சால்வையை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடியும் மடித்தார்.

சில நாள் கழித்து, ரவாங் போய்வந்த தோட்டத்து ஆள் ஒருவர் கையில் பச்சைப் பெட்டி திரும்பி வந்தது. அப்பா ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

லயத்துப் பையன்கள் மாமாவுக்கு 'சிலோன்' என்று பெயர் வைத்தார்கள். அவர் சைக்கிளில் போகும்போது பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். அவர் திரும்ப மாட்டார். பொருள் கொண்டுவருவதை ஜனங்கள் நிறுத்திவிட்டார்கள். யாராவது தப்பித்தவறி ஒரு டார்ச் லைட்டை நீட்டினால்கூட, "கடையில குடுங்க" என்பார். டார்ச் லைட்டை அவர் கண்ணை மூடிக்கொண்டே சரி செய்வார் என்று எனக்குத் தெரியும். அவர் அப்படிச் சொல்வதைக் கேட்க, முன்பு பொய் சொன்னதைக் கேட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது.

குழந்தைக்கு ஊசி போட நான் கோலா சிலாங்கூர் கிளம்பிய ஒரு நாள், "நானும் வர்றேம்மா" என்றார். கையில் மைலோ டின்னும், சாரத்தில் சுற்றிய பெட்டியும் இருந்தன. ஊசி போட்டு முடிந்ததும் பசாருக்குப் பின்னால் ஒரு சீனர் ரேடியோக் கடைக்குப் போனோம். கடையில் இருந்தவன் இளைஞன். என் தம்பி வயதிருக்கும். டின்னைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, எந்த வயரை எங்கே கொடுத்தீர்கள் என்று மலாயில் கேட்டான். மாமா வாயைத் திறந்து மூடினார். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

"சாயா தாக் தாவு" என்று அவர் சொன்னது என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. எனக்குத் தெரியாது. அதைத் தமிழில் அவர் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை.

"தாப்பா அங்கிள். டுடோக்" என்றான் அவன். பரவாயில்லை, உட்காருங்கள் என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் மாமா சைக்கிளில் கடைக்குப் போனார். கடையில் குவிந்து கிடந்த செத்த ரேடியோக்களில் தேடி வால்வுகளை எடுத்துக் கொடுத்தான் அந்த இளைஞன். ஈயம் வைப்பதை மாமாவே செய்தார். பிஸ்கட் டின்னை எறிந்துவிட்டு, ஃபியூஸ் வைத்து மரத்தில் வேறு கரண்ட் பெட்டி செய்தார். வயர்கள் இடம் மாற வழியே இல்லாதபடி ரேடியோவோடு சேர்த்து ஒட்டிவிட்டார். ஒரு சாயங்காலம் வீட்டில் பிளக்கைப் போடுவதற்கு முன் மீட்டரை வைத்து அளந்தார். அளந்துவிட்டு மறுபடியும் அளந்தார். பிளக்கைப் போட்டபோது நான் பக்கத்தில் இல்லை. வேண்டுமென்றேதான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். இரைச்சலுக்கு நடுவே எங்கேயோ தூரத்திலிருந்து ஒரு தமிழ்க் குரல் கிணற்றடிவரை வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் குழந்தையும் ரவாங்குக்குப் பஸ் ஏறினோம். ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், செம்பனைத் தோப்பைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார். தன்னைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"உங்க அத்தைய ஆஸ்பத்திரியில வச்சிருந்தப்ப டாக்டர் எங்கிட்ட இங்கிலீஷ்ல என்னமோ சொன்னாரு. புரிஞ்சுதான்னு கேட்டாரு. தலைய ஆட்டிட்டேன். வெளிய வந்து, ஒண்ணும் இல்லையாம், வீட்டுல போய் மருந்து சாப்பிட்டா சரியாயிடும்னு அவகிட்ட நானா சொன்னேன்."

பஸ் நின்றது. ஒரு மலாய்க்காரப் பெண்மணி கூடையோடு ஏறினார். மறுபடியும் புறப்பட்டது.

"அவ நம்பிட்டா. சால்வை போட்டாரு பாரு உங்க அப்பா, அவரும் அவள மாதிரியே பார்த்தாரு. அதான் என்னால நிக்க முடியல."

நான் குழந்தையின் தொப்பியைச் சரி செய்தேன்.

ரவாங்கில் இறங்கியதும் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நீ கொண்டுபோய்க் குடுத்துடும்மா. நான் இங்கயே இருக்கேன்."

"புள்ளையத் தூக்கிக்கிட்டு இவ்ளோ கனத்த எப்படி மாமா தூக்குறது?"

அதற்கும் அவர் எழவில்லை. ரேடியோவை அவரிடமே விட்டுவிட்டு நான் மட்டும் வீட்டுக்குப் போனேன். அப்பா சாரத்தோடு முன்வாசலில் உட்கார்ந்திருந்தார். பேத்தியைக் கை நீட்டி வாங்கினார். என்னிடம் பேசவில்லை.

"மாமா பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்திருக்காரு" என்றேன்.

நீண்ட நேரம் பேத்தியின் விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். பிறகு அவளை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

பெஞ்சின் மறுமுனையில் அப்பா உட்கார்ந்தார். நடுவில் ரேடியோ. நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"திரும்பப் போக பஸ் எப்ப?"

"இப்பதான் ஒண்ணு போச்சு சம்பந்தி."

அப்பா சாரத்தை விலக்கிப் பச்சைத் துணியைத் தடவிப் பார்த்தார்.

"சிலோன் எடுக்குதா?"

"தோட்டத்துல எடுத்துச்சு. இங்க எடுக்குமான்னு எனக்குத் தெரியாது."

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். "இங்க எங்க பிளக்கு இருக்கு. வீட்டுக்கு வாங்க."

வயர் நீளம் ஒரு முழம்கூட இல்லாததால், அப்பா ரேடியோவையும் மாமா கரண்ட் பெட்டியையும் தூக்கிக்கொண்டு இடித்துக்கொண்டே நடந்தார்கள்.

வீட்டில் பிளக்கைப் போட்டதும் கோலாலம்பூர் கேட்டது. சிலோனைத் தேடி அப்பா குமிழைத் திருகினார். பகல் நேரம், இரைச்சல்தான் வந்தது. மாமா வயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"சாயங்காலம் பார்ப்போம். அதுவரைக்கும் இருந்துட்டுப் போகட்டும். சோத்த வை" என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து.

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று மாமா பின்பக்கக் குழாய்க்குப் போனார். அம்மா இலை போட்டுச் சோறு பரிமாறியும் அவர் வரவில்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, சம்பந்தி மூஞ்சியக் கழுவிக்கிட்டே இருக்காரு. போய்க் கூப்பிடுங்களேன்."

அப்பா ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

"விடு. கழுவட்டும்."